லாரி வந்தபோது ஒருமனதாக நிறைவேறியது

புதிய உறுப்பினர்களுக்கு,

வரும் ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு நீங்கள் பதினாறு பேரும் ஹாலில் உட்காரப் போகிறீர்கள். தலைவர் ஏழுமலை அண்ணன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "நீ ரெண்டு வருசம் செகரட்டரியா இருந்தவன். புதுசா வர்றவங்களுக்கு அனுபவம்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். அனுபவம் எழுதுகிறவர்கள் பொதுவாக அறுபது வயதில் எழுதுவார்கள். எனக்கு இருபத்தெட்டு. ஆனால் நம் சபைக்கே வயது இரண்டுதான். அந்தக் கணக்கில் நான் மூத்தவன்.

உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். ஆற்றோரம் இருக்கும் நம் எட்டு பிளாக்குகளையும் இத்தனை வருடமாகக் குடிசை மாற்று வாரியம்தான் பார்த்துக்கொண்டது. அதாவது நாம் மனு எழுதிக் கொடுப்போம், அவர்கள் பார்ப்பார்கள். ஒருநாள் ஓர் அதிகாரி வந்தார். இனிமேல் மோட்டார், படிக்கட்டு விளக்கு, குப்பை, ஹால் எல்லாம் உங்கள் பொறுப்பு, நீங்களே தேர்தல் வைத்து ஒரு சபை அமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். இளநீர் குடித்துவிட்டுப் போனார். கொத்தில் முப்பத்தொரு சாவி இருந்தது. நம்மிடம் இருந்த பூட்டு ஒன்பது. நம் சுயாட்சி அப்படித் தொடங்கியது.

பிளாக்குக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். எங்கள் நாலாம் பிளாக்கில் பூங்காவனம் அக்காவும் நானும். எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: "எழுதுவான்." அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அம்மா ஆழ்வார்பேட்டையில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதே ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. எழுத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு விஷயத்தை எழுதிவிட்டால் அது நடந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நான் சொல்ல வந்தது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

முதல் சில மாதங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையைத் தாண்ட முடியாது. "இன்னா சட்டசபை, இன்னிக்கு எதுனா சட்டம் போட்டியா?" என்பார்கள். போட்டோம் என்று பதில் சொல்வேன். உண்மையாகவே போட்டிருப்போம். அந்த வேகத்தில் இருந்தோம். ஏழுமலை அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். மேசையைத் தட்டி அமைதி கேட்டால் யாரும் மதிக்கவில்லை. பழைய ஆட்டோவிலிருந்து ரப்பர் ஹாரனைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு தடவை அமுக்கினால் அமைதி. இரண்டு தடவை அமுக்கினால் வாக்கெடுப்பு.

நாங்கள் எடுத்த முதல் முடிவு படிக்கட்டு விளக்கைப் பற்றியது. பத்து மணிக்கு அணைக்க வேண்டும் என்று முடிவானது. அடுத்த கூட்டத்தில் விடிய விடிய எரியட்டும் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், போன தடவை வராதவர்கள் வந்து மறுபடியும் பத்து மணி ஆக்கினார்கள். நாலாவது கூட்டத்துக்கு எலக்ட்ரீஷியனே மாடியேறி வந்து, "நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க, நான் வூட்டாண்டதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் நான் ஒரு விதி எழுதிக் கொண்டுபோனேன். சபை ஒரு பொருளின்மீது முடிவெடுத்துவிட்டால், ஒரு வருடத்துக்கு அதே பொருளை மீண்டும் எடுக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். விளக்கு பத்து மணிக்கே நின்றது. அந்த விதியை எழுதியதற்காக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். "சரி, நல்லதுதான். தப்பா முடிவெடுத்துட்டா?" என்று கேட்டார். பதினாறு பேர் சேர்ந்து எப்படித் தப்பாக முடிவெடுப்பார்கள் என்று நான் கேட்டேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நமக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறே காலுக்கு வரும். கூட்டமோ ஐந்தரைக்கு. லாரி ஹாரன் அடித்தால் யாராக இருந்தாலும் எழுந்து ஓட வேண்டியதுதான், வீட்டில் ஆள் இல்லாதவர்கள் முக்கியமாக. ஹால் மாடியில் இருப்பதால், வாசலில் வைத்த குடங்களோடு படிக்கட்டில் இறங்கிக்கொண்டே, "தம்பி, நான் கை தூக்குனதா எழுதிக்கோ!" என்று கத்திவிட்டுப் போவார்கள். நானும் எழுதிக்கொள்வேன். யாரும் இதைத் தவறு என்று நினைக்கவில்லை. தண்ணீருக்குப் போகிறவரை வராதவர் என்று எழுதுவது மரியாதையா? இப்படி நமக்கென்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது.

அன்றைக்குப் பன்னிரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோரு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது நம் விதி. அதையும் எழுதியவன் நான்தான். இரண்டு முக்கியமான பொருள்கள் இருந்தன. ஒன்று, வெளியாட்கள் பானி பூரி வண்டி, பழ வண்டியெல்லாம் காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று இரண்டாம் பிளாக் மூர்த்தி அண்ணன் கொண்டுவந்த தீர்மானம். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேல்ஸ்மேன் அவர். ஊர் தெற்கே, பேச்சில் இன்னும் தெரியும். தீர்மானத்தின் வாசகம் என்னுடையது: "சக்கரம் உள்ள எந்த வியாபார வண்டியும் காம்பவுண்டுக்குள் நிற்கக் கூடாது."

இன்னொன்று நான் கொண்டுவந்தது. தினமும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஹாலைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். நான் பத்தாவது படித்தது நாலாம் பிளாக் இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில். ஒவ்வொருவர் இறங்கும்போதும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நடந்துபோகிற தூரத்தில் நூலகம் இருந்தது. அது அதிகாரிகளுக்கான கட்டடம் என்று பதினெட்டு வயது வரை நினைத்திருந்தேன். இந்தத் தீர்மானத்துக்காகத்தான் நான் தேர்தலில் நின்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் வாசிக்கத் தொடங்கியதும் லாரி வந்தது. ஐந்து பேர் எழுந்தார்கள். மூர்த்தி அண்ணனும்தான். "ரெண்டுக்கும் எங்கள சேத்துக்கோ!" என்று படிக்கட்டிலிருந்து ஐந்து குரல் கேட்டது. ஏழுமலை அண்ணன் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். இரண்டு தீர்மானமும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் எழுதினேன்: "வருகை தந்த பன்னிரண்டு உறுப்பினர்களும் ஒருமனதாக நிறைவேற்றினர்."

மறுநாளே பிள்ளைகள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று மாதம் வந்தார்கள். நான் வேலை முடிந்து வரும்போது கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பேன். ஜன்னலில் தலைகள் தெரியும். நான் மாடிக்குப் போனதில்லை, போனால் எழுந்து நிற்பார்கள்.

மூன்று மாதம் கழித்து மூர்த்தி அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கினார். அவர் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேசன் ஆகியிருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் கார் நிற்பதற்கு வாகான ஒரே இடம் வாதாம் மரத்தடி. அங்கே எங்கள் பிளாக் வசந்தா அக்காவின் இஸ்திரி வண்டி நின்றது.

அதை யாரும் வண்டி என்றே நினைத்ததில்லை. மரம்போல, மோட்டார் ரூம்போல அதுவும் அங்கே இருந்தது, அவ்வளவுதான். சக்கரங்கள் மண்ணில் புதைந்து வருடக் கணக்காகிறது. மூர்த்தி அண்ணன் கூட்டத்தில் என் தீர்மானத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"சக்கரம் உள்ள எந்த வியாபார வண்டியும். அப்படித்தான போட்டிருக்கு?"

"அப்படித்தான்ணே."

பூங்காவனம் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வண்டிக்கு எங்க கீது சக்கரம்? ஒரு பக்கம் செங்கல்லுதான அடுக்கி வெச்சிக்கீது?"

"ஒரு சக்கரந்தான்க்கா போச்சு. மூணு இருக்குல்லா? எத்தனைன்னு தீர்மானத்துல போடலியே."

ஏழுமலை அண்ணன் யோசித்தார். "அப்ப மூணையும் கழட்டிட்டா?"

"கழட்டினா அது வண்டியில்லண்ணே, கட்டடம். திறந்தவெளியில கட்டுமானம் கூடாதுன்னு ஒன்பதாம் தீர்மானம் இருக்கு."

ஒன்பதாம் தீர்மானத்தையும் நான்தான் எழுதியிருந்தேன். மாற்றலாம் என்றால், ஒரு வருடத்தில் இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. அதையும் எழுதியவன் நான். மூர்த்தி அண்ணன் கெட்டவர் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவர் படித்தார், அவ்வளவுதான். ஏழு நாளில் வண்டியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க முடிவானது. கொடுப்பது செயலாளரின் வேலை.

வசந்தா அக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா காயிதம்?"

"நோட்டீஸ்க்கா."

"படி."

படித்தேன். சட்டைக் கையை மடித்து, திருப்பிப் போட்டு, அடுத்த கையைத் தேய்த்தார்.

"யாரு எழுதுனது?"

"சபைக்கா."

"சபைக்குக் கை கீதா? யாரு கை எழுதுச்சுன்றேன்."

"நான்தான்."

"நீ இண்டர்வியூ போனியே, அன்னிக்குக் காலரு யாரு தேச்சது?"

"நீங்க."

"கத்தி மாரி நின்னுச்சில்ல?"

"நின்னுச்சுக்கா."

"அந்தக் காலரப் பாத்துதான் வேலை குடுத்தான் உனக்கு. படிப்பப் பாத்துன்னு நீ நென்ச்சிகினுகீற." பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். "தம்பி, வெளிய ரோட்ல நிறுத்துனா கார்ப்பரேசன்காரன் ஒரே நாள்ல தூக்கிட்டுப் பூடுவான். உள்ள கூடாதுன்னு நீ எழுதிட்ட. நான் எங்க போய்த் தேய்ப்பேன், சொல்லு. நல்லா யோசிச்சு சொல்லு, நீ படிச்சவன்."

அவர் கேலி செய்யவில்லை. நான் பதில் சொல்வேன் என்று உண்மையாகவே நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் ஆதம்பாக்கத்தில் வாட்ச்மேன், அந்த வருமானம் வாடகையோடு சரி. இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த வண்டி. சின்னவள் தினமும் மாலையில் ஹாலில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். எங்கள் ஆபீசில் நான் பார்க்கும் வேலை அதுதான், ஆனால் அங்கே ஓட்டையை அடைக்கச் சொல்வார்கள். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். "வருகை தந்த பன்னிரண்டு உறுப்பினர்களும் ஒருமனதாக" என்றபோது அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

"இது எந்த ஞாயித்துக்கெழம?"

சொன்னேன்.

"லாரி ரொம்ப நேரம் நின்னுச்சே, அன்னிக்கா? பைப்பாண்ட எனக்கு முன்னாடி மூர்த்திதான நின்னாரு. நாலு குடம் புடிச்சாரு. அவரு எப்படி மாடில கீறாரு?"

"கை தூக்கினதா எழுதிக்கச் சொன்னாரும்மா."

"அதுக்கு? அப்ப நான் கூடத்தான் கீழ இருந்தேன். என்னயும் எழுதிக்கினியா?"

அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேர் போனபின் அறையில் இருந்தது ஏழு பேர். ஏழு பேர் எடுத்தது சபையின் முடிவே இல்லை. வசந்தா அக்காவின் வண்டிக்கு எதிராகத் தீர்மானமே கிடையாது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஹால் தீர்மானமும் அதே ஏழு பேர் எடுத்ததுதான். பன்னிரண்டு என்று எழுதியவனும் நான்தான்.

எனக்கு விதிகள் எழுதக் கற்றுக்கொடுத்தவர் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு மாமி. அரசு அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருமான வரிக்காக எங்கள் ஆபீசுக்கு வருவார். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் புத்தகத்தோடு போனேன். காப்பி கொடுத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. இதுல என்ன தப்பு?"

நடந்ததைச் சொன்னேன்.

"அடுத்த கூட்டத்துல இதை வாசிச்சியோ?"

"வாசிச்சேன் மாமி."

"எல்லாரும் சரின்னாளோ?"

"சரின்னாங்க."

"தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம் என்ன? அம்பி, மினிட்ஸ்ங்கறது நடந்தது இல்லை, கையெழுத்தானது. நான் சர்வீஸ்ல ஒரு மினிட்ஸைக்கூடத் திருத்தினதில்லை. ஒண்ணைத் திருத்தினா ஊர்ல இருக்கற எல்லாரும் பழைய புஸ்தகத்தைத் தூக்கிண்டு வந்து நிப்பா. விட்டுடு."

"இஸ்திரி வண்டி போயிடும் மாமி."

"அதுக்கு வேற வழி பாரு. அதுக்காக ரிகார்டைத் தொடாதே." டம்ளரை வாங்கிக்கொண்டார். "உனக்கு அந்த ஹால் வேணுமோ வேண்டாமோ?"

வேண்டும். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாமிமேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு ஜன்னலில் தலைகள் இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறு வழி ஏதாவது கிடைக்குமா என்று அடையாறு பாலம் வரை யோசித்துக்கொண்டே போனேன். என் ஸ்டாப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். நடந்து வந்தபோதும் எதுவும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேரும் வந்திருந்தார்கள். சபை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக. வசந்தா அக்கா உள்ளே வரவில்லை, வாசல் கதவில் சாய்ந்து நின்றார். நான் எழுந்து, ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லி வாசித்தேன். "கையெழுத்திட்டவர்கள் பன்னிரண்டு. வாக்கெடுப்பின்போது அறையில் இருந்தவர்கள் ஏழு. பன்னிரண்டு என்று எழுதியது செயலாளரின் தவறு."

ஹாரன் இல்லாமல் அவ்வளவு அமைதி அங்கே இருந்ததில்லை.

மூர்த்தி அண்ணன் எழுந்தார். "அது எப்படி? நான் கை தூக்கினேம்லா!"

ஏழுமலை அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "எங்கர்ந்து தூக்குன?"

"படிக்கட்டுலேர்ந்து."

"கைல இன்னா இருந்துச்சு?"

"குடம்."

"எத்தினி?"

"ரெண்டு."

"ஒரு கைக்கு ஒண்ணா?"

"ஒரு கைக்கு ஒண்ணு."

"அப்ப எந்தக் கைய நைனா தூக்குன?"

மூர்த்தி அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். நியாயமான மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "குடத்தோட தூக்கினேன்" என்றார்.

சிரிப்பு அடங்க ஹாரன் நாலு தடவை தேவைப்பட்டது. மூர்த்தி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்ப மத்தக் கூட்டத்துலயும் லாரி வந்துச்சே? அதெல்லாம் என்னாச்சு?" என்றார். அதுதான் நான் பயந்த கேள்வி. இன்னும் இரண்டு கூட்டங்களில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றேன். ஏழுமலை அண்ணன், "அதப் பத்தி யாராச்சும் எழுதிக் குடுத்தா பாக்கலாம்" என்றார். இதுவரை யாரும் எழுதித் தரவில்லை.

பிறகு இரண்டு தீர்மானங்களையும் புதிதாக எடுத்தோம். தலைவர் நீங்கலாகப் பதினைந்து வாக்கு. வண்டி கூடாது என்பதற்கு ஐந்து, எதிராகப் பத்து. வசந்தா அக்கா முடிவைக் கேட்டதும் கீழே போய்விட்டார், துணி காத்திருந்தது.

அடுத்தது ஹால். போன தடவை இதற்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசக்கூடியவர்கள் லாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். இந்தத் தடவை இருந்தார்கள். காதுகுத்து எங்கே வைப்பது, மஞ்சள் நீராட்டு எங்கே வைப்பது, மழை வந்தால் பந்தல் எங்கே போடுவது என்று கேட்டார்கள். தினமும் என்றால் எப்படி என்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். இரண்டு நாள் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் தீர்மானம் அவ்வளவு நல்லது, அதைக் குறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆதரவு ஏழு, எதிர்ப்பு எட்டு. எட்டாவது கை பூங்காவனம் அக்காவுடையது. மகளுக்கு வளைகாப்பு அடுத்த மாதம்.

"தப்பா நெனக்காத தம்பி" என்றார்.

"இல்லக்கா" என்றேன். எழுதினேன். ஒரு வருடத்துக்கு அந்தப் பொருளை மீண்டும் எடுக்க முடியாது என்பதையும் கீழே எழுதினேன், விதி அப்படி. அன்று வருகைப் பதிவில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டேன்: "வெளியே போன நேரம்." அந்தக் கட்டம் உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. தயவுசெய்து அதை நிரப்புங்கள்.

வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏழு, எட்டு, பெயர்கள், நேரம், எல்லாம். "இப்ப சரியா கீது" என்றார். பிறகு, "பசங்க நாளைக்கு எங்க குந்தும்?" என்று கேட்டார். அதற்கு மினிட்ஸில் இடமில்லை.

மறுநாள் மாலை வசந்தா அக்காவின் சின்னப் பெண் புத்தகப் பையோடு நாலாம் பிளாக் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏறும்போது காலை மடக்கிக்கொண்டாள். மூர்த்தி அண்ணனின் கார் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அம்மா பன்னிரண்டு அடி கூடுதலாக நடந்தார். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம். இதை நீதி என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த ஒரு வருடம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. நான் மறுபடி நிற்கவில்லை. நாலாம் பிளாக்கில் என் இடத்துக்கு வந்திருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களோடு ஞாயிற்றுக்கிழமை உட்காரப்போகிற வசந்தா அக்காதான்.

முந்தாநாள் என்னைக் கூப்பிட்டார். வாதாம் மரத்தடியில் போய் நின்றேன்.

"ஒரு தீர்மானம் எழுதிக் குடு."

"என்னக்கா?"

"அஞ்சாம் பிளாக்கு குமாரு புதுசா இஸ்திரி வண்டி போடப் போறானாம், உள்ளயே. ஒரு காம்பவுண்டுக்கு ஒரு வண்டி போதும்னு எழுது. ஓட்டை இல்லாம எழுது, உனக்குத்தான் வரும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்குற? ஹாலுக்கு நான் கை தூக்குறேன். நீ இத எழுது. செரியா பூடும்."

ஒரு வாக்கில் தோற்ற தீர்மானம் அது. இப்போது ஒரு வாக்கு வண்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு என் எதிரில் நின்றது. இரண்டு வருடத்தில் நான் சந்தித்த மிகக் கடினமான நிமிடம் இதுதான், அப்போது நான் எந்தப் பொறுப்பிலும் இல்லை.

"உங்களுது எழுதித் தர்றேன்க்கா. யாரு கேட்டாலும் எழுதித் தருவேன். குமாரு அவரு பக்கத்தச் சொல்லி எழுதிக் கேட்டா அவருக்கும் எழுதுவேன். ஆனா அதுக்கு பதிலா ஹாலுக்குத் தூக்காதீங்க. ஹாலு வேணும்னு தோணுனா தூக்குங்க."

"வேணாம்னு தோணுனா?"

"தூக்காதீங்க."

"நீ உருப்பட மாட்ட" என்றார். ஒரு சட்டையை உதறிப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே சொன்னார். "பாக்குறேன். ஆனா லாரி வந்துச்சுனா நான் போய்டுவேன், வூட்ல யாரும் இல்ல. நீ போயி புது செகரட்டரியாண்ட சொல்லி வை, நான் தூக்குனதா எழுதிக்கச் சொல்லு."

"எழுத மாட்டாங்கக்கா."

"சொல்லிப் பாரேன்."

"நான்தான்க்கா எழுத வேணாம்னு சொல்லப் போறேன்."

சொல்லிவிட்டேன். இந்தக் காகிதமே அதற்காகத்தான். வசந்தா அக்காவின் தீர்மானமும் என் தீர்மானமும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஹாலுக்கு இந்தத் தடவை வாரத்தில் ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறேன். விசேஷங்களுக்குச் சனி, ஞாயிறு. ஏழுமலை அண்ணனிடம் கேட்டு, அன்றைக்கு எடுக்க வேண்டிய பொருள்களில் ஹாலை முதலாவதாகப் போட வைத்திருக்கிறேன். நான் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை அது.

ஐந்தரை என்றால் ஐந்தரைக்குத் தொடங்கிவிடுங்கள். லாரி ஆறே காலுக்கு வரும்.